கட்டிளமைப் பருவத்தாரின் உளநலமும் பாடசாலையும்

கல்வியின் பயன் யாதென வினவுவார்க்கு, உடலும் அறிவும் உள்ளமும் ஒருங்கே வளர்தல் என விடை கூறுதல் நம் ஆசிரிய மரபு. இம்மூன்றனுள் உடலுக்கு மைதானம் உண்டு. அறிவுக்கு வகுப்பறையும் நூல்நிலையமும் ஆய்வுகூடமும் உண்டு. உள்ளத்துக்கென நாம் ஒதுக்கிய இடம் யாது? காலைப் பிரார்த்தனையும் சமய பாடமும் உண்டென்பர். அவை நல்லனவே. ஆயினும், துயருற்ற ஒரு மாணவன் தனக்கு நேர்ந்ததை ஒருவரிடம் வாய்விட்டுக் கூறுதற்கு அவை இடமாதல் அரிது. நம் பாடசாலைகள் பலவற்றில் அத்தகைய இடம் இன்னும் செவ்வனே அமையவில்லை. அதனை ஏன் அமைத்தல் வேண்டும், எவ்வாறு அமைத்தல் வேண்டும், அதன்கண் ஆசிரியரின் பங்கும் எல்லையும் யாவை என்பவற்றைப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் உடனாசிரியர்க்கும் இவ்விழா மலர் வாயிலாக எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

உளநலம் என்றவுடன் பைத்தியம் என்னும் சொல்லே நம்மவர் பலரின் நினைவில் எழுகின்றது. அது பொருந்தாது. காய்ச்சலும் உடல்நலக் குறைவே. எலும்பு முறிவும் உடல்நலக் குறைவே. அவ்வாறே உள்ளத்துக்கும் சிறியனவும் பெரியனவுமாகிய நலிவுகள் உள. உறக்கமின்மை, காரணந் தெரியாத பதகளிப்பு, எதிலும் பற்றின்மை, வாரக்கணக்கில் நீளும் மனச்சோர்வு ஆகிய இவையெல்லாம் அவற்றுள் அடங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 10 முதல் 19 வயது வரையுள்ளோருள் எழுவருள் ஒருவர் ஏதேனுமோர் உளநலக் குறைபாட்டுடன் வாழ்கின்றனர். வாழ்நாளில் தோன்றும் உளநோய்களுட் பாதி 14 வயதளவிலேயே தொடங்கிவிடுகின்றன என 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. 14 வயதென்பது நம் ஒன்பதாந் தரம். உலகக் கணிப்பை நம் வகுப்புக்குப் பொருத்திப் பார்ப்பின், நாற்பது மாணவர் இருக்கும் வகுப்பறையில் ஐவரோ அறுவரோ அத்தகைய சுமையுடன் அமர்ந்திருத்தல் கூடும். அவர்கள் யாவர் என்பதை நாம் அறிவோமா என்பதே வினா.

பருவத்தின் இயல்பு

கட்டிளமைப் பருவத்தைப் புயற்காலத்துக்கு ஒப்பிடுவது நெடுங்கால வழக்கு. அதன் காரணத்தை இக்கால விஞ்ஞானம் ஓரளவு விளக்கியுள்ளது. மூளையில் உணர்ச்சியை எழுப்பும் பகுதிகள் இப்பருவத்தின் தொடக்கத்திலேயே விரைந்து செயற்படத் தொடங்குகின்றன. விளைவை எண்ணி உணர்ச்சியை அடக்கும் நெற்றிப்புறப் பகுதியோ இருபது வயது கடந்த பின்னரும் வளர்ந்துகொண்டிருக்கின்றது. குதிரை முன்னே வந்துவிட்டது. கடிவாளம் பின்னே வருகின்றது. ஆதலால் பதினைந்து வயதினன் சிறு சொல்லுக்குப் பெருஞ்சினம் கொள்வதும், ஒரு தோல்வியை உலகின் முடிவாகக் கருதுவதும் அவன் குணக்கேடு ஆகா. நண்பர் தன்னை ஏற்றனரா, ஒதுக்கினரா என்பதும் அவ்வயதில் உயிர்ப் பிரச்சினையாகத் தோன்றும்.

உறக்கத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். பருவமடைந்த பிள்ளைக்கு இரவில் உறக்கம் பிந்தி வருதல் உடலின் இயற்கை. 13 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால உறக்கம் வேண்டும் என்பர் உறக்க மருத்துவர். நம் பிள்ளைகளின் நாளை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் தனியார் கல்வி நிலையம், அங்கிருந்து பாடசாலை, மாலையில் மீண்டும் வகுப்பு, இரவில் வீட்டு வேலையும் கைத்தொலைபேசியும். ஆறு மணித்தியாலம் உறங்குபவனை நாம் முதலாம் பாடவேளையிற் சோம்பேறி என்கின்றோம். உறக்கக் குறைவும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்ப்பன. பிள்ளையின் உளநலத்தைப் பேணக் கருதும் பெற்றோர், செலவின்றி முதலிற் செய்யக்கூடியது அவனை உறங்கவிடுதலே.

துன்பத்தின் நிலைக்களன்கள்

உள்ளத்து நிகழ்வன உடம்பின் வழியே பிறர்க்குப் புலனாதலை மெய்ப்பாடு என்றார் நம் முன்னோர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தார். பிறரால் இகழப்படுதல் ஒன்று, உரியாரையோ உடைமையையோ இழத்தல் ஒன்று, முன்னிருந்த நிலை கெட்டுத் தளர்தல் ஒன்று, வறுமை ஒன்று. இலக்கியச் சுவைக்காக வகுத்த இப்பகுப்பு இன்றைய வகுப்பறைக்கும் வியக்கத்தக்கவாறு பொருந்துகின்றது.

முதலாவதாகிய இகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். நிறம், உடற்பருமன், திக்குவாய், ஊர்ப் பேச்சு, தந்தையின் தொழில் என்பன பற்றிய பட்டப்பெயர்கள் எப்பாடசாலையிலும் உண்டு. சாதியை வாய்விட்டுச் சொல்லாமலே சுட்டிக் குத்தும் வழக்கமும் ஒழிந்துவிட்டதெனக் கூறுவார் உண்மை கூறாதவரே. முன்னாளில் இக்கேலி பாடசாலை மணியோடு முடிந்தது. இன்றோ கைத்தொலைபேசி வழியாகப் பிள்ளையின் படுக்கையறை வரை தொடர்கின்றது. ஆசிரியரும் இதற்கு விலக்கல்லர். புள்ளிகளைக் கடையிலிருந்து உரத்து வாசிக்கும் வழக்கம், எடுப்பாரின்றி ஒருவனை நாற்பது பேர் முன்னிலையில் நாணச் செய்வதாகும்.

இரண்டாவது இழவு. 1983 முதல் 2009 வரை நீண்ட போரும், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் நம் மக்களுக்கு இழைத்தவற்றை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. இன்று நம் வகுப்புகளில் இருப்போருட் பெரும்பாலோர் போர் ஓய்ந்தபின் பிறந்தவர்கள். ஆயினும் அவர்தம் பெற்றோர் அப்போரினூடு வளர்ந்தவர். மூத்த மகனைத் தேடிக்கொண்டேயிருக்கும் பேர்த்தியாரும், இரவில் திடுக்குற்றெழும் தந்தையும், பேசப்படாத பெயர்களும் உள்ள வீட்டிற் பிறந்த பிள்ளை, தான் காணாத துயரையும் சுமக்கின்றான். பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராய்ப் பணிபுரிந்து கண்டவற்றை 1998 இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். போரின் வடு தனி மனிதரோடு நில்லாது குடும்பத்தையும் சமுதாயத்தையும் பற்றுவதென்பது அவர் தம் எழுத்துகளில் வற்புறுத்திய செய்தி. தாயோ தந்தையோ பிறநாட்டில் உழைக்க, உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கும் ஒருவகை இழவு உண்டு. பணம் மாதந்தோறும் வருவதனால் அதனை நாம் இழவென்று எண்ணுவதில்லை.

மூன்றாவது நிலைகெட்டுத் தளர்தல். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்திபெற்று, தன் ஊர்ப் பாடசாலையில் முதல்வனாயிருந்த சிறுவன், பெரிய கல்லூரிக்கு வந்த முதலாந் தவணையில் முப்பதாம் பிள்ளையாகின்றான். அவனுக்கு அது முடியிழந்த நிலை. உயர்தரத்தில், தான் விரும்பாத பிரிவைப் பெற்றோர் விருப்புக்காக எடுத்தவன் இரண்டாண்டுகள் ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகத் தளர்கின்றான். உயர்தரத்தில் வேண்டிய தகைமை பெற்றோருள்ளும் பெரும்பாலோர்க்கு அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதில்லை. அப்பெரும்பாலோரை நோக்கி, பல்கலைக்கழகம் புகாதவன் வீணன் என்று நாம் ஆண்டுதோறும் சொல்லாமற் சொல்லிக்கொண்டிருக்கின்றோம்.

நான்காவது வறுமை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி பல குடும்பங்களை நிமிரவொண்ணாதவாறு தாக்கிற்று. காலை உணவின்றி வந்தவன் கணிதத்திற் கவனங்கொள்ளான். சுற்றுலாவுக்குப் பணம் கேட்கும் நாளில் வயிற்றுவலி என்று வராதிருப்பவனின் நோய் வயிற்றிலன்று.

ஆசிரியர் கண்

மருத்துவர் ஒரு பிள்ளையைக் காண்பது சில நிமிடம்; ஆசிரியர் காண்பதோ ஆண்டில் ஏறக்குறைய இருநூறு நாள். ஆகவே மாற்றத்தை முதலில் உணரத்தக்கவர் ஆசிரியரே. நோக்க வேண்டியது மாற்றத்தைத்தான். இயல்பாகவே அமைதியானவனின் அமைதி நோயன்று. கலகலப்பாயிருந்தவன் அமைதியாதலே குறி. புள்ளிகள் திடீரென வீழ்தல், திங்கட்கிழமைகளில் வாராமை, நண்பரை விட்டொதுங்கல், விளையாட்டை நிறுத்தல், உடல் மெலிதல், காரணமின்றிச் சீறுதல், தலைவலி வயிற்றுவலி என்று அடிக்கடி நோயாளர் அறைக்குச் செல்லல், வெப்ப நாளிலும் நீண்ட கைச்சட்டையால் கையை மறைத்தல், தனக்கினியவற்றைப் பிறர்க்குக் கொடுத்துவிடல் ஆகியன கருதத்தக்கன. இவற்றுள் ஒன்று தனித்து வரின் பொருளின்றியும் போகலாம். இரண்டு மூன்று கூடி இரு கிழமைக்கு மேல் நீடிப்பின் விசாரித்தறிதல் கடன்.

குழப்படிகாரன் எவ்வாறேனும் நம் கவனத்தைப் பெற்றுவிடுவான். அவன் குழப்படியும் பெரும்பாலும் ஒரு முறையீடே. ஆனால் கடைசி வாங்கில் ஒருவர்க்கும் இடைஞ்சலின்றி அமிழ்ந்துபோகும் மாணவனை நாம் ‘நல்ல பிள்ளை’ என்று எழுதி முடித்துவிடுகின்றோம். இதில் தமிழாசிரியர்க்கு மற்றையோர்க்கில்லாத வாய்ப்பொன்று உண்டு. கட்டுரைக் கொப்பியில் ‘என் எதிர்காலம்’ என்னும் தலைப்பின் கீழ் ஒரு மாணவன் எதிர்காலமே இல்லாதவனாக எழுதுவான். ‘மழைநாள்’ பற்றிய கட்டுரையில் வீட்டிற் குடித்துவிட்டு அடிக்கும் தந்தை நுழைந்துவிடுவார். ரகர றகரப் பிழையைத் திருத்தும் சிவப்பு மை அவ்வரிகளைத் தாண்டிச் செல்லலாகாது.

ஆய்வுகள் உணர்த்துவன

பாடசாலையில் உளநலப் பணி என்னும்போது, யாது செய்யினும் நன்மையே விளையும் என்று கருதுதல் தவறு. இத்துறையில் நிகழ்ந்த பேராய்வுகள் சில பயனையும் சில பயனின்மையையும் காட்டியுள்ளன. இரண்டும் நமக்குப் பாடமாகும்.

இலண்டன் மாநகரின் 12 இடைநிலைப் பாடசாலைகளை மைக்கேல் றட்டர் என்னும் உளமருத்துவரும் உடனாய்வாளரும் ஆராய்ந்து 1979 இல் நூலொன்று வெளியிட்டனர். ஒரு பிள்ளை பாடசாலையிற் கழிக்கும் காலம் ஏறக்குறைய 15,000 மணித்தியாலம் என்பதனால் அதுவே நூலின் பெயராயிற்று. ஒத்த பின்னணியுடைய பிள்ளைகள் ஒரு பாடசாலையில் நன்கொழுகிக் கற்றுத் தேற, மற்றொன்றில் வரவு குன்றி நெறி பிறழ்ந்தனர். கட்டடத்தின் பழமையோ புதுமையோ அவ்வேறுபாட்டுக்குக் காரணமாகவில்லை. பாடத்தை உரிய நேரத்தில் தொடங்குதல், நல்லது கண்டவிடத்துப் பாராட்டுதல், மாணவர்க்குப் பொறுப்பளித்தல், இடர் வந்தபோது ஆசிரியரை அணுகக்கூடியதாயிருத்தல் ஆகிய அன்றாட நடைமுறைகளே காரணமாயின.

2015 இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்று 10 நாடுகளில் 168 பாடசாலைகளைச் சேர்ந்த 11,000க்கு மேற்பட்ட மாணவரிடம் மூன்று முறைகளைச் சோதித்தது. ஒன்றில், தற்கொலை எண்ணமுடையாரை இனங்காண ஆசிரியர்க்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. மற்றொன்றில், வினாக்கொத்துக் கொண்டு இடருற்றோரைத் தெரிந்து மருத்துவரிடம் அனுப்பினர். மூன்றாவதில், ஏறக்குறைய ஐந்து மணித்தியால வகுப்புகளில் மாணவர் தாமே நடித்தும் கலந்துரையாடியும் உளநெருக்கீட்டைக் கையாளவும் உதவி நாடவும் பழகினர். ஓராண்டின் பின் நோக்கியபோது, மூன்றாம் முறையில் மட்டுமே தற்கொலை முயற்சிகள், இப்பணி எதுவும் முறையாக நடைபெறாத பாடசாலைகளினும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. ஆசிரியரைப் பயிற்றுதல் மட்டும் போதாதென்பதும், மாணவர்க்கு நேரே கற்பித்தல் வேண்டுமென்பதும் இதன் பொருள்.

நமக்கு அண்மையதான பிகார் மாநிலத்தின் நாலந்தா மாவட்டத்தில் எழுபதுக்கு மேற்பட்ட உயர்நிலைப் பாடசாலைகளில் நிகழ்ந்த ஆய்வு 2018 இல் வெளியாயிற்று. மாணவர் தம் குறைகளை எழுதியிடும் பெட்டி, சுவர்ப் பத்திரிகை, மாணவர் குழு, தனியாள் ஆலோசனை முதலிய ஒரே பணித்திட்டம், சில பாடசாலைகளில் ஆசிரியர்வழியும், சிலவற்றில் இதற்கெனவே பயிற்றி நியமிக்கப்பட்ட உளவளத்துணையாளர்வழியும் நடைபெற்றது. அவர் மருத்துவரல்லர்; பொதுமக்களுள் ஒருவர். இரண்டாம் வகைப் பாடசாலைகளில் மனச்சோர்வும் அடாவடித்தனமும் குறைந்தன. பாடசாலைச் சூழலே மாறிற்று. ஆசிரியர்வழி நடைபெற்றவற்றில் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. ஆசிரியராகிய எமக்கு இச்செய்தி இனியதன்று. ஆயினும் காரணத்தை ஊகித்தல் அரிதன்று. பாடவிதானச் சுமையுள்ளவர்க்கு நேரமில்லை. புள்ளியிடுபவரும் தண்டிப்பவருமாகிய ஒருவரிடம் மாணவன் மனந்திறக்கத் தயங்குவான்.

வட இலங்கையிலும் போரால் நலிந்த 399 பிள்ளைகளிடம் பாடசாலைவழி நடத்தப்பட்ட பதினைந்து அமர்வுகளின் விளைவு 2012 இல் வெளியிடப்பட்டது. நடத்தைக் குறைபாடுகளில் நன்மை விளைந்தது. ஆயின் அதிர்ச்சியின் அறிகுறிகள் அமர்வுக்கு வந்த சிறுமியரிடம், காத்திருந்த சிறுமியரிடம் குறைந்த அளவுக்குக் குறையவில்லை. பிரித்தானியாவில் 85 பாடசாலைகளில் மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சியை அளித்துப் பார்த்த ஆய்வும், வழமையான கற்பித்தலினும் மேம்பட்ட பயன் இல்லையென 2022 இல் அறிவித்தது. ஆதலின் புதிதாக வரும் எம்முறையையும் அளந்தறியாது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊட்டிவிடுதல் நன்றன்று.

‘எம்மை அடித்துத்தானே வளர்த்தார்கள்?’

பழைய மாணவர் ஒன்றுகூடலிற் பெரும்பாலும் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. ‘எங்கள் காலத்தில் வாத்தியாரின் பிரம்படி வாங்கித்தான் படித்தோம், இன்று வைத்தியராயும் பொறியியலாளராயும் இருக்கிறோம். அக்காலத்தில் உளவளத்துணையும் இல்லை, மனச்சோர்வும் இல்லை’ என்பர். அவர்தம் நன்றியுணர்வு போற்றத்தக்கது. ஆனால் அக்கூற்றில் ஒரு பிழை உண்டு. ஒன்றுகூடலுக்கு வருவோரும் விழா மலரில் எழுதுவோரும் தப்பிக் கரையேறியவர்கள். எட்டாம் வகுப்போடு பிரம்புக்கஞ்சி நின்றவன் மலருக்குக் கட்டுரை எழுதுவதில்லை. குழுப் படங்களில், ஓராண்டு நின்றிருந்து மறு ஆண்டில் இல்லாத முகங்கள் உண்டு. அவர்களின் கதையையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே அக்காலத்து முறையின் பயனை நாம் உரைத்தல் முறை.

சட்டமும் இதில் தெளிவாயுள்ளது. கல்வி அமைச்சின் 2005/17, 12/2016 ஆம் இலக்கச் சுற்றறிக்கைகள் பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடைசெய்துள்ளன. கட்டுப்பாடு வேண்டாமென்பார் எவருமிலர். ஆயினும் அஞ்சி ஒடுங்கியவன் உண்மை பேசான். உண்மை பேசாதவனுக்கு எவராலும் உதவ இயலாது.

கேட்டலும் அதன் எல்லையும்

துயருற்ற மாணவனிடம் ஆசிரியர் செய்யக்கூடிய முதலுதவி, கேட்டலாகும். தனியாக, ஆயின் பிறர் கண்ணுக்கு மறையாத இடத்தில், அவனை அமர்த்தி, ‘என்ன தம்பி, கொஞ்ச நாளாய் ஒரு மாதிரி இருக்கிறாய், என்ன நடந்தது?’ என்று அவன் பேச்சு மொழியிலேயே கேட்டல் வேண்டும். ‘ஒன்றுமில்லை சேர்’ என்பதே முதல் விடையாக வரும். அதனை ஏற்று, ‘சரி, நாளைக்கும் நான் இங்கேதான் இருப்பன்’ என்று கூறிவிடுதல் போதும். பலர் இரண்டாம் முறையே வாய் திறப்பர். பேசும்போது இடைமறித்து அறிவுரை கூறலாகாது. ‘உன்னிலும் கஷ்டப்பட்டவர் எத்தனை பேர்’ என்னும் ஒப்பீடு அவன் வாயை அடைத்துவிடும். கேட்டதை ஆசிரியர் ஓய்வறையிற் பரப்புதல் பெருந்துரோகம்.

அதேவேளை, ‘எவர்க்கும் சொல்லமாட்டேன்’ என்று முழு வாக்குறுதி கொடுத்தலும் ஆகாது. உயிருக்கு இடரோ, பிறர் இழைக்கும் பாலியல் அல்லது உடற் கொடுமையோ வெளிப்படின், அதனை உரியவர்க்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்பதை முன்னரே கூறிவிடுதல் நேர்மை. கொடுமை வீட்டுக்குள் நிகழ்வதாயின், அதனை இழைப்பவரிடமே முதலிற் சென்று விசாரித்தல் பிள்ளையை மேலும் இடருள் தள்ளும். அதிபர்வழியாகத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவித்தலே தக்கது. அதன் தொலைபேசி இலக்கம் 1929.

தற்கொலையைப் பற்றி வினவினால் அவ்வெண்ணம் விதைக்கப்பட்டுவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். நியூயோர்க் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரிடம் இதனைச் சோதித்து 2005 இல் வெளியிட்ட ஆய்வு, அவ்வச்சத்துக்கு ஆதாரமில்லையெனக் காட்டிற்று. ‘சாகவேணும் போல நினைப்பு வருகிறதா?’ என்று அமைதியாக நேரே கேட்டல் பலர்க்கு ஆறுதலாகின்றது. ஆமெனின், அவனைத் தனியே விடலாகாது. அன்றே அதிபரும் பொறுப்பான உறவினரும் அறிதல் வேண்டும். அன்றே வைத்தியசாலையை நாடுதல் வேண்டும்.

இங்கு நம் நாட்டு வரலாறு நம்பிக்கை தருகின்றது. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிருந்தது. கொடிய பீடைகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தபின் அது மூன்றிலொரு பங்களவுக்கு வீழ்ந்தது. சாவதற்கான உந்தல் பலரிடத்து ஒரு சிறு பொழுதில் எழுந்து தணிவது என்பதும், அப்பொழுதைக் கடத்திவிடின் உயிர் தப்பும் என்பதும் இதனாற் பெறப்படும். அப்பொழுதில் அருகில் ஒருவர் இருத்தலே பேருதவி.

குணப்படுத்தல் ஆசிரியர் தொழிலன்று; உரியவரிடம் சேர்ப்பித்தலே அவர் தொழில். ஆதார வைத்தியசாலைகளிலும் போதனா வைத்தியசாலைகளிலும் உளநலச் சேவை இலவசமாகக் கிடைக்கின்றது. தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்னும் இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். இவ்விரு இலக்கங்களும் ஒவ்வொரு வகுப்பறையின் கதவிலும் எழுதப்பட்டிருத்தல் நன்று.

பாடசாலையில் அமைய வேண்டிய ஒழுங்கு

கூறியவற்றைத் தொகுத்து, எக்கல்லூரியும் மேற்கொள்ளக்கூடிய சிலவற்றை முன்வைக்கின்றேன்.

முதலாவது, பாடஞ்சொல்லும் கடமையோ புள்ளியிடும் கடமையோ இல்லாத, முறையாகப் பயின்ற உளவளத்துணையாளர் ஒருவர் வேண்டும். பல பாடசாலைகளில் ஆலோசனைப் பொறுப்பு முழு நேரசூசியுள்ள ஓர் ஆசிரியரின் தலையிலேயே வைக்கப்படுகின்றது. ஒழுக்காற்றுப் பொறுப்பும் அவரிடமே சேர்க்கப்படின், காவலரும் கருணையாளரும் ஒருவரேயாகிவிடுவர்.

இரண்டாவது, அவர்க்கோர் அறை வேண்டும். அது அதிபர் அலுவலகத்தின் அருகில் இருத்தலாகாது. அங்கு செல்பவனை எல்லோரும் நோக்குவர். நூல்நிலையத்தின் ஒருபுறம் பொருத்தமானது. மாணவன் எதற்காகச் செல்கின்றான் என்பது எவர்க்கும் தெரியாது.

மூன்றாவது, எட்டு முதல் பத்து வரையுள்ள தரங்களில், நடிப்பும் உரையாடலும் வாயிலாக, சினம், துயர், தோல்வி, நட்பு என்பவற்றைக் கையாளும் வகுப்புகள் ஆண்டுதோறும் நடைபெறல் வேண்டும். நண்பன் தன் துயரைச் சொன்னால் அதனைத் தானே சுமக்காது நம்பத்தக்க பெரியவரிடம் கொண்டுசெல்லுதல் காட்டிக்கொடுத்தலன்று என்பதை மாணவர் அங்குக் கற்றல் வேண்டும்.

நான்காவது, பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாட்களுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். சிறப்புச் சித்தி பெற்றோரின் படங்களை வாயிலிற் பதாகையாகத் தொங்கவிடும் நாம், அதே நாளில் அவ்வாயிலால் வர நாணி வீட்டுக்குள் ஒடுங்கியிருப்போரை மறந்துவிடுகின்றோம். வகுப்பாசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பிற் சித்தியடையாதார் பெயரை எடுத்து, அக்கிழமைக்குள் அவர்தம் வீட்டுக்குச் சென்றோ தொலைபேசியிலோ ஒரு சொல் பேசுதல் பதாகையினும் பெரும்பணி.

ஐந்தாவது, ஆசிரியரின் உளநலமும் கருதப்படல் வேண்டும். கடனும் இடமாற்றமும் குடும்பத் துயரும் அவர்க்கும் உண்டு. வற்றிய கிணற்றில் எவரும் நீரள்ள இயலாது.

பழைய மாணவர்க்கோர் விண்ணப்பம்

விழா ஆண்டுகளிற் பழைய மாணவர் சங்கங்கள் தாய்க் கல்லூரிகளுக்கு அளிக்கும் கொடைகள் பெரியன. மண்டபமும் மாடிக் கட்டடமும் நீச்சற்றடாகமும் அவ்வாறு எழுந்தன. கல்லிற் பெயர் பொறிக்கக்கூடிய கொடைகளே எளிதில் திரள்கின்றன. உளவளத்துணையாளர் ஒருவரின் ஐந்தாண்டுச் சம்பளத்துக்கு நிதி வைப்பவரின் பெயரை எச்சுவரிலும் பொறித்தல் இயலாது. தடுக்கப்பட்ட துன்பம் கண்ணுக்குப் புலப்படாதாகலின், அதற்குத் திறப்பு விழாவும் இல்லை. ஆயினும் நம் விழாக் கொடைகளுள் ஒரு சிறு பங்கை ஓர் அறைக்கும் ஓர் ஆளுக்கும் ஒதுக்குமாறு வேண்டுகின்றேன்.

பணம் அளிக்க இயலாதாரும் ஒன்று செய்யலாம். உயர்தரத்தில் தவறி, வேறு வழியால் வாழ்வில் நிமிர்ந்தோர் நம்மிடையே பலர் உளர். பரிசளிப்பு விழாவுக்கு எப்போதும் முதற்சித்தியடைந்த பெரியோரையே அழைக்கின்றோம். ஓராண்டேனும், தோற்று எழுந்த பழைய மாணவர் ஒருவர் மேடையேறித் தம் தோல்வியையும் அதன்பின் நிகழ்ந்தவற்றையும் ஒளிக்காது கூறுவராயின், பரிசு பெறாது கீழே அமர்ந்திருக்கும் பெருந்தொகையினர்க்கு அதுவே பரிசாகும்.

மாணவச் செல்வங்காள்! உங்கள் உள்ளத்திற் சுமை இருப்பின் அது குற்றமன்று. அதனைச் சொல்லுதல் கோழைத்தனமுமன்று. முழங்கால் உடைந்தவன் மைதானத்தை விட்டு நொண்டி வெளியேறும்போது அவனைத் தோளிற் தாங்க இருவர் ஓடுகின்றனர். உள்ளம் உடைந்தவனையும் அவ்வாறு தாங்குதற்கு ஆள் வைத்திருக்கும் கல்லூரியே முழுமை பெற்ற கல்லூரி. நம் கல்லூரி அந்நிலை எய்துக. அதன் மைந்தர் உடலும் அறிவும் உள்ளமும் நலம்பெற்று நீடு வாழ்க!